செப்டம்பர் பத்தொன்பதில் ஒன்றும் நடக்கவில்லை

தினசரிக் காலண்டர் போடும் தொழிலில் ஒரே ஓர் ஆறுதல்: நாம் செய்த தப்புகளை ஜனங்கள் ஒரேயடியாகப் பார்த்துவிட முடியாது, தினம் ஒன்றாகக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஃபோன் அடித்தால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு ‘கூப்பிட்டிருந்தீர்களா?’ என்று மெசேஜ் அனுப்புகிறவர்களே, இறங்க வேண்டிய இடம் வந்தும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வேலை உலகத்தில் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

வாய் திறக்காத வேலை

சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, தென்காசியில் ஓர் அச்சகத்தில் எழுத ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். எங்கள் பக்கத்து அச்சகங்கள் பொதுவாக சிவகாசியிலிருந்து தாள்கட்டை வாங்கி, கடைப் பெயரும் சாமி படமும் போட்ட அட்டையை மட்டும் தாங்கள் அடித்து, அதில் அந்தத் தாள்கட்டைப் பொருத்திக் கொடுப்பார்கள். எங்கள் முதலாளிக்கு அது போதவில்லை. தாளையும் தானே அடிக்க வேண்டும், தேதிக்கு அடியில், ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே, ‘இதே நாளில் நம் ஊரில்’ என்று ஒரு வரி வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை வரி. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, சுற்றுவட்டாரம் எதுவானாலும் சரி.

“நல்லாப் பேசுவியா தாயி?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு அது பிடித்திருந்தது. “பேசவே வேண்டாம். இங்கன உக்காந்து எழுதினாப் போதும்” என்றார். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். மறுநாள் போனபோது மேஜைமேல் ஒரு நோட்டும் ஒரு குடையும் இருந்தன. குடை எதற்கு என்று கேட்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முதலாளி ஆச்சரியமாகப் பார்த்தார்.

“ஊரு ஊராப் போயி நாலு பேரைக் கேட்டாத்தான தாயி தெரியும்? வரலாறு என்ன, பஸ் ஏறி வந்து உன் மேஜையில உக்காருமா?”

பசு கன்று போட்ட ஏழாம் நாள்

பெரிய சேதிகளுக்குப் புத்தகங்கள் இருந்தன, கல்வெட்டுகள் இருந்தன. சின்னச் சேதிகளுக்கு மனிதர்கள்தான். மனிதர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, தேதியைத் தவிர.

இலத்தூரில் ஒரு டீக்கடைக்காரர், தங்கள் தெருவில் முதன்முதலாக லைட் எரிந்ததைப் பத்து நிமிஷம் சொன்னார். யார் யார் நின்றார்கள், யார் பயந்து வீட்டுக்குள் ஓடினார்கள், எந்தப் பல்பு அன்றைக்கே ஃபியூஸ் போனது எல்லாம் சொன்னார். நோட்டில் மடமடவென்று எழுதிவிட்டு, “என்ன தேதி அண்ணாச்சி?” என்றேன். “சாரல் அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு” என்றார். எங்கள் ஊரில் சாரல் மூன்று மாதம் அடிக்கும். “எந்த மாசம்?” என்றேன். கண்ணை மூடி யோசித்தார். “எங்க வீட்டுச் செவலைப் பசு கன்னு போட்டு ஏழாம் நாளு. அதுல சந்தேகமே கிடையாது” என்றார். பசு எப்போது கன்று போட்டது? “அதான் சொல்லுதேன்லா, லைட் எரியதுக்கு ஏழு நாளைக்கு முன்னாடி.”

நான் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றி என் முன்னால் வைத்துவிட்டு, அன்பாகச் சொன்னார்:

“இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் நீ போட்டுக்கோ. படிச்ச பிள்ளைதான நீ?”

ஒரே ஒரு தாள்

எப்படியோ ஆறு மாதத்தில் வருஷம் நிரம்பியது, ஒரு நாளைத் தவிர. செப்டம்பர் பத்தொன்பது. அந்தத் தேதியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு. குற்றாலத்தில் சீசன் முடிந்திருக்கும். ஐப்பசி மழைக்கு நாள் இருக்கும். அருவிக்கரையில் கடைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போயிருப்பார்கள். புரட்டாசி பிறந்து மூன்று நாள், யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். புத்தகங்களைப் புரட்டினேன், பழைய பஞ்சாயத்து நோட்டுகளைப் பார்த்தேன், பண்பொழி மலைக்கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களிடம்கூட வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். பதினெட்டில் இருந்தது, இருபதில் இரண்டு இருந்தன. பத்தொன்பதில் ஒன்றும் இல்லை.

உள்ளே மெஷின் காத்திருந்தது. “ஏதாவது ஒண்ணைப் போட்டு விடு ஏட்டி, யாரு வந்து கேக்கப் போறா?” என்றார் ஸ்டெல்லா அக்கா. அவர்தான் எங்கள் டி.டி.பி. ஆபரேட்டர். நான் எழுதுவதையெல்லாம் டைப் செய்து, நான் பேச வேண்டியதையெல்லாம் பேசுகிறவர். ஆனால் முதலாளி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலண்டரில் பொய் வந்தால் ராகு காலத்தை யார் நம்புவார்கள் என்றார். கடைசியில் நானே ஒரு வரி எழுதி நீட்டினேன்: ‘இதே நாளில் நம் ஊரில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.’

ஸ்டெல்லா அக்கா டைப் செய்து முடித்து, நாற்காலியில் சாய்ந்து ஸ்க்ரீனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏட்டி, இந்த மொத்தக் காலண்டர்லயும் யாரும் வந்து சண்டை போட முடியாத வரி இது ஒண்ணுதான்.”

காலை எட்டரை மணி

காலண்டர் வெளியாகி, மறுவருஷம் அந்த நாளும் வந்தது. நான் டிபன் பாத்திரத்தை மேஜையில் வைப்பதற்குள் முதலாளியின் ஃபோன் அடித்தது. அவர் “சொல்லுங்க அண்ணாச்சி” என்று எழுந்து நின்றார். எங்கள் முதலாளி எழுந்து நின்று பேசுவது ஒரே ஒருவரிடம்தான்: தென்காசியில் பெரிய பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம். எங்களுடைய ஆகப் பெரிய ஆர்டர் அவருடையது. இரண்டாயிரம் காலண்டர். தாளை நாங்களே அடிப்பது அந்த ஆர்டரை நம்பித்தான்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். பாத்திரக்கடை அண்ணாச்சியின் குரல் அச்சகம் முழுக்கக் கேட்டது. “இன்னைக்குத் தாளைக் கிழிச்சேன் வே. ஒண்ணும் நடக்கலன்னு போட்டிருக்கிய. எம் பேரைப் போட்ட காலண்டர்ல, இன்னைக்கு ஒண்ணும் நடக்கலையாம்!” என்ன நடந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி, திருத்திக்கொள்கிறோம் என்று முதலாளி கெஞ்சினார். “நான் சொல்லித்தான் தெரியணுமோ? அப்போ அந்தப் பிள்ளைக்கு என்ன சோலி? சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்கன வருவேன். இன்னைக்கு நம்மூர்ல என்ன நடந்துச்சுன்னு அந்தப் பிள்ளை வாயால சொல்லணும். இல்லைன்னா அடுத்த வருஷ ஆர்டரு சிவகாசிக்கு.”

ஃபோன் வைக்கப்பட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அந்த ஆர்டர் போச்சுன்னா தாள் அடிக்கது நின்னு போகும் தாயி. தாள் நின்னு போச்சுன்னா…” என்று இழுத்து, முடிக்க மனமில்லாமல் வெளியே போனார். ஸ்டெல்லா அக்கா முடித்து வைத்தார்.

“தாள் நின்னா வரி நிக்கும், வரி நின்னா நீ நிப்ப. ஏட்டி, மணி எட்டே முக்கால்.”

மழை

முதலாளி வெளியே போனது வருத்தத்தில் என்று நினைத்தேன். வாட்ஸப்பில் செய்தி போடத்தான் போயிருக்கிறார். ‘செப்டம்பர் 19 அன்று நம் ஊரில் நடந்த நிகழ்ச்சி எதுவாயினும் தெரிந்தவர்கள் உடனே அச்சகத்துக்கு நேரில் வரவும்.’ நேரில் வரவும்! என் இனத்தவர்களே, அந்த இரண்டு சொற்களைப் படித்ததும் நாம் பின்வாசல் எங்கே என்று தேடுவோம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வந்தவர் திருவேங்கடம் ஊர்க்காரர், மழையை நம்பி விதைக்கிற கரிசல் பக்கம். மஞ்சள் பையோடு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தவர், யாரோ சொன்னார்கள் என்று அப்படியே எங்களிடமும் வந்துவிட்டார். அவர் சேதி சின்னது. ஒரு செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி அவர் ஊரில் மழை பெய்தது. அவ்வளவுதான். நான் மிகவும் தயங்கி, மழை பெய்ததையெல்லாம் வரலாறாகப் போட முடியாது ஐயா என்றேன். தேதி எப்படி நினைவிருக்கிறது என்றும் கேட்டேன். “மறுநாள் நெலத்தை விக்கதுக்குப் பத்திரம் எழுத நாள் குறிச்சிருந்தோம். முந்தின நாளு பெய்ஞ்சுது. போயி, வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வெதைக்க ஆரம்பிச்சோம்” என்றார். நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தினம் தலையில சாரல் விழுத ஊர்க்காரிக்கு மழை ஒரு சேதி இல்லம்மா. எங்க பக்கம் அதுதாம்மா சரித்திரம்.”

காக்கிச் சட்டை

பத்தரை மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சீருடையில் ஒரு பெண் போலீஸ். உள்ளே வந்ததும் வராததுமாக, “இந்தக் காலண்டரை எழுதுனது யாரு?” என்றார். மெஷின்காரர் மெஷினை நிறுத்தினார். எனக்காக எப்போதும் பேசுகிற ஸ்டெல்லா அக்கா அன்றைக்கென்று ஒரு விரலை நீட்டி என்னைக் காட்டிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எழுந்து நின்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அன்றைய தாளை எடுத்து விரித்தார். “ஒண்ணும் நடக்கலன்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?” என்றார். நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரே சொன்னார். சில வருஷங்களுக்கு முன் இதே தேதியில்தான் அவருடைய கல்யாணப் பேச்சு முறிந்ததாம். புரட்டாசி என்றும் பாராமல் மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டுக் குறித்த நாள், வந்து தட்டை மாற்ற வேண்டும். வரவில்லை, ஃபோனையும் எடுக்கவில்லை. வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அழுதுகொண்டு இருந்தால் ஆகாது என்று கிடைத்த பரீட்சைக்கெல்லாம் எழுதிப் போட்டு, ஓட்டம் ஓடி, வேலையில் சேர்ந்தாராம். “அந்த ஆளு இப்போ என் ஸ்டேஷன் பக்கம் வாரப்பல்லாம் ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் வருதான்” என்றார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நான் பாதி சிரித்தேன். அவர் முழுசாகச் சிரித்தார்.

“அன்னைக்கு ஒண்ணும் நடக்காமப் போனதுனாலதான் நான் நல்லா இருக்கேன். உள்ளதைப் போட்டிருக்கிய. இன்னும் ரெண்டு தாளு கிடைக்குமா? எங்கம்மாவுக்கு ஒண்ணு, எங்கத்தைக்கு ஒண்ணு.”

ஆதாரம்

இதுவரை வந்ததையெல்லாம் நம்பலாம், அச்சடிக்க முடியாது. எனக்குத் தேவை ஆதாரம். ஆதாரத்தோடு வந்தவர் குற்றாலத்துக்காரர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் முடிந்து கை சும்மா இருந்ததால் நிதானமாக வந்தார், நிதானமாக உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பல் செட். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் மெட்ராஸ்காரர் ஒருவர், கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் பெரிய அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் தேய்ப்பதற்குமுன் பத்திரமாக இருக்கட்டும் என்று கழற்றி இவரிடம் கொடுத்திருக்கிறார். தேய்த்துக்கொண்டு மறுபடியும் அருவிக்குப் போனவர், கூட வந்தவர்கள் வேனுக்குள் இருந்து கூப்பிட்டதும் அப்படியே ஓடிப்போய் ஏறிவிட்டார். “தேதி?” என்றேன், நம்பிக்கையே இல்லாமல். அவர் பொட்டலம் கட்டியிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். அன்றைக்குப் பக்கத்துக் கடையில் கிழித்துக் கொடுத்த தினசரிக் காலண்டர் தாள். எண்ணெய்க் கறைக்கு நடுவே கொட்டை எழுத்தில் பத்தொன்பது, மேலே செப்டம்பர்.

சரித்திரம் படித்தவளுக்கு இதைவிடச் சந்தோஷம் கிடையாது. பொருளும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, சாட்சியும் எதிரே உட்கார்ந்திருக்கிறார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “பாத்திரக்கடை அண்ணாச்சிக்கிட்டப் போயி, இன்னைக்கு நம்மூர்ல பல் செட்டு நடந்துச்சுன்னு சொல்லவா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார். எண்ணெய்க்காரருக்கு அதில் ஒன்றும் வேடிக்கை தெரியவில்லை.

“போடுங்கம்மா. காலண்டர்ல வந்தா அவரு கண்ணுல என்னைக்காவது படும்லா? பாவம், மனுசன் அன்னைக்கு ராத்திரி புரோட்டா திங்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

ஒரு நாள் வித்தியாசம்

மத்தியானம் இரண்டு மணிக்கு, வந்தவர்களிலேயே கௌரவமான சேதியோடு ஒருவர் வந்தார். செங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட பழுப்பு அழைப்பிதழ் ஒன்று. தங்கள் தெருவில் வாசகசாலை திறந்ததற்கு அவர் அப்பா அச்சடித்தது. கொல்லம் ஆண்டு, கன்னி மாதம் மூன்றாம் தேதி. அந்தப் பக்கம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலம், தேதியெல்லாம் மலையாளக் கணக்கில்தான் போடுவார்கள். கன்னி என்றால் நம் புரட்டாசி. புரட்டாசி மூன்று என்றால் செப்டம்பர் பத்தொன்பது! நான் நோட்டைப் பிரித்தேன். முதலாளி காபி வரவழைத்தார்.

ஆனால் படித்த படிப்பு சும்மா விடுகிறதா? மாதப் பிறப்பு வருஷத்துக்கு வருஷம் ஒரு நாள் முன்பின் ஆகும். பழைய பஞ்சாங்கத்தை எடுத்து அந்த வருஷத்துக்கு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை ஸ்டெல்லா அக்காவின் கால்குலேட்டரில். பதினெட்டு. செப்டம்பர் பதினெட்டுதான் வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று காபி ஆறும்வரை யோசித்து, ஒருவழியாகச் சொன்னேன். முதலாளியின் முகம் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் கலங்கவே இல்லை. அழைப்பிதழைத் திரும்பவும் உறைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்:

“எங்க தாலுகாவையே ஒரு ராஜ்யத்துலேர்ந்து தூக்கி இன்னொரு ராஜ்யத்துல வச்சாவ. உன்னால ஒரு தேதியை ஒரு நாள் நகர்த்த முடியாதா?”

நாலு மணி

நாலு மணிக்கு என்னிடம் இருந்த வரலாறு இது: ஒரு மழை, ஒரு முறிந்த கல்யாணம், ஒரு பல் செட், ஒரு நாள் பிசகிய ஒரு வாசகசாலை. மேஜையைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். என் பேனா, என் குடை, என் டிபன் பாத்திரம். ஸ்டெல்லா அக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

அப்போது ஓர் ஆட்டோ வந்தது. இறங்கிய அம்மாளைப் பார்த்ததும் முதலாளி, “வாங்க மைனி” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பாத்திரக்கடை அண்ணாச்சியின் மனைவி. “அவிய வரதுக்குள்ள போயிருதேன் தம்பி” என்று உட்கார்ந்தார். “காலையில தாளைக் கிழிச்சாவ, மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. இட்லி வச்சது வச்சபடி கெடக்கு. இன்னைக்குத்தான தம்பி நாங்க கடை திறந்த நாளு!” முதலாளி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கடை திறந்த நாளில், அவருடைய காலண்டரிலேயே, ஒன்றும் நடக்கவில்லை என்று போட்டிருக்கிறோம். சொல்லியிருக்கலாமே அம்மா என்றேன். “சொல்லித்தான் தெரியணுமாங்காவ. அவியளுக்கு அதான் கோவம்.”

பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். கடைக்கு அந்த இடம் கிடைத்ததே புரட்டாசியில்தான். இப்போதே எடுத்தால் எடு, இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறது என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். புரட்டாசியில் யாராவது கடை திறப்பானா என்று சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் பத்திரிகை வைத்தும் யாரும் வரவில்லை. வருகிறவர்களுக்குக் கொடுக்க அந்த அம்மாள் ஒரு அண்டா நிறையக் கேசரி கிண்டி வைத்திருந்தார். சாயங்காலம்வரை புருஷனும் பெஞ்சாதியும் பளபளக்கிற பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்த ஒரே ஆள், பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவர். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதனால நீ பயப்படாத பிள்ள. நீ போட்டது ஒரு எழுத்து தப்பில்ல. அன்னைக்கு எங்க கடையில ஒண்ணுமே நடக்கல.”

ஐந்து மணி

பாத்திரக்கடை அண்ணாச்சி சொன்ன நேரத்துக்கு வந்தார். மனைவி வெளியே போக வழியில்லாமல், பேப்பர் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணாச்சி உட்காரவில்லை. “சொல்லு தாயி. இன்னைக்கு நம்மூர்ல என்ன நடந்துச்சு?” என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நம் இனத்தின் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்: வாயைத் திறப்பதுதான் சிரமம், திறந்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. “இன்னைக்குத்தான் உங்க கடை திறந்தீங்க அண்ணாச்சி” என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. “யாரும் வரல” என்றும் சொல்லிவிட்டேன்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், மெஷினுக்குப் பின்னால் தெரிந்த சேலை முந்தானையைப் பார்த்தார், மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒருத்தரும் வரலதான்” என்றார். “இவளுக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுதேன். இவ கேசரி அண்டாவைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போன பொறவு, போணி ஆகாமக் கடையை மூடக்கூடாதுன்னு, நானே ஒரு சொம்பை எடுத்து நானே எனக்கு வித்துக்கிட்டேன். பில்லும் போட்டேன்.” மெஷினுக்குப் பின்னாலிருந்து, “அட மனுசா, அந்த நசுங்குன சொம்பா? அதையா நான் பழைய பாத்திரத்தோட போடப் போனேன்?” என்று குரல் வந்தது. அண்ணாச்சி சிரிக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் வெளியே வந்து சிரித்தார். அவர்கள் இருவரும் சிரிப்பதைப் பார்த்து முதலாளி கண்ணைத் திறந்தார்.

அண்ணாச்சி என் நோட்டை வாங்கி, பேனாவையும் வாங்கி, தானே எழுதினார்: ‘இதே நாளில் நம் ஊரில் ஒரு பாத்திரக்கடை திறந்தது. யாரும் வரவில்லை. இன்றாவது வாருங்கள்.’ அடுத்த வருஷம் இதை அப்படியே போட வேண்டும், ஒரு எழுத்து மாறக்கூடாது என்றார். போடுகிறோம் அண்ணாச்சி என்றேன். உண்மையை மறைக்கக்கூடாது என்ற நினைப்பில், தாள் எல்லாக் கடைகளுக்கும் ஒன்றுதான், அட்டைதான் வேறு வேறு, ஆகவே நகைக்கடை, ஜவுளிக்கடை, எதிர்ப் பாத்திரக்கடை எல்லோருடைய காலண்டரிலும் இந்த வரி வரும் என்பதையும் சொல்லிவைத்தேன். அண்ணாச்சி பேனாவை மூடினார். முகத்தில் கடைக்காரக் களை திரும்பிவிட்டது.

“எதிர்க்கடைக்காரன் காலண்டர்லயே எங் கடைக்கு ஆளு கூப்பிடுவியன்னா, நான் எதுக்குவே தனியா ரெண்டாயிரம் அடிக்கணும்? ஆயிரம் போதும்!”

மறுநாளே மனைவியின் பேச்சைக் கேட்டு அவர் ஆர்டரைப் பழையபடி இரண்டாயிரம் ஆக்கினார், என் குடையும் டிபன் பாத்திரமும் மேஜைக்குத் திரும்பின; ஆக, ஒன்றும் நடக்காத நாளைச் சரியாகப் பதிவு செய்து வேலையைத் தக்கவைத்துக்கொண்ட சரித்திர எம்.ஏ. இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.